கஜானாவுக்கும் தொண்டை உண்டு

வேப் என்ற மின் சிகரெட்டை இழுப்பவர்கள் மூன்று பேரைச் சேர்ந்தாற்போல் உட்காரவைத்துப் பாருங்கள். கட்சிப் பொதுக்குழு தோற்றுவிடும். முதல் ஆள் சட்டைப்பையில் பேனா பருமனில் ஒரு குழாய் வைத்திருப்பார். சிகரெட் மாதிரியே வாயில் நிறுத்தி, நிதானமாக உள்ளே இறக்குவார். அவருக்கு அதுதான் தம். இரண்டாம் ஆள் கையில் பேட்டரி, திரை, பொத்தான் எல்லாம் வைத்த ஒரு பெட்டி. நேரே நெஞ்சுக்கு இழுத்து, அறையை மேகமாக்கிவிட்டு, முதல் ஆளைப் பரிதாபமாகப் பார்ப்பார். மூன்றாம் ஆளிடம் மாம்பழ வாசனை அடிக்கும் பிளாஸ்டிக் குச்சி. தீர்ந்தால் குப்பைக்கு. ஒருவர் கருவியை இன்னொருவரிடம் கொடுத்தால் ஒன்று இருமுவார், இல்லை ‘ஒண்ணுமே வரலையே’ என்று உதட்டைப் பிதுக்குவார்.

பார்ப்பவர்களுக்கு இது கொழுப்பு. கல்லீரலைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

உள்ளே போன நிகோடினை உடைத்துத் தள்ளும் வேலை கல்லீரலில் உள்ள சிஒய்பி2ஏ6 என்ற நொதியின் பொறுப்பு. சிலருக்கு அது தாலுகா ஆபீஸ் வேகத்தில் நடக்கும். சிலருக்கு வட்டிக்கடை வேகத்தில். வட்டிக்கடைக்காரருக்குச் சீக்கிரமே அடுத்த தம் வேண்டும். பெரும்பாலும் பிறப்போடு வரும் வேகம் இது. மெதுவான வகை ஜப்பானியரிடம் அதிகம், ஐரோப்பியரிடம் குறைவு. எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்று மருத்துவர்கள் கேட்பதும் பிடி எவ்வளவு இறுக்கம் என்று பார்க்கத்தான். ஐந்து நிமிடத்துக்குள் என்று சொல்பவருக்கு வாசனைக் குச்சி வெறும் ஊதுபத்தி.

அப்புறம் தொண்டை. புகை இறங்கும்போது ஒரு உறுத்தல் இருக்கும். பழகியவருக்கு அந்த உறுத்தல்தான் நிம்மதி. திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால் கூடினால் உறுத்தல் கூடும். கிளிசரின் கூடினால் மேகம் கூடும். திரவத்தைச் சூடாக்கும் காயிலின் மின்தடையை ஒரு ஓமுக்குக் கீழே இறக்கி, 80 வாட் ஏற்றிய பெட்டிக்கு மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் நிகோடினே போதும். ‘பாட்’ என்ற திரவக் குப்பியைச் சொருகி 12 வாட்டில் ஓட்டும் சின்னக் கருவிக்கு 20, 50 என்று வேண்டும். அந்தத் திரவத்தை இந்தப் பெட்டியில் ஊற்றினால் ஆள் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதியவருக்கு ஆறுதல் தரும் கருவி, டீக்கடையில் நண்பர் கொடுத்தால் மட்டும் ஊதியவருக்குத் தண்டனை.

சுருக்கமாகச் சொன்னால், ஆளுக்கொரு உடம்பு, உடம்புக்கொரு கருவி. இதை முதலில் ஊன்றிப் படித்தவர் யார்? சுகாதார அமைச்சகமா? சிரிக்காதீர்கள். கம்பெனிக்காரர்.

இன்றைய மின் சிகரெட்டை 2003-ல் உருவாக்கியவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர். தானே விடாமல் ஊதியவர். விட வழி தேடியவர். அந்தக் காப்புரிமைகள் 2013-ல் எங்கே போய்ச் சேர்ந்தன? இம்பீரியல் டொபாக்கோவின் பெட்டகத்தில். விலை 7.5 கோடி டாலர். சிகரெட்டை ஒழிக்க வந்த கருவியைச் சிகரெட் கம்பெனியே தத்தெடுத்துக்கொண்டது. பிள்ளையைக் கிள்ளியவனே தொட்டிலையும் வாங்கிவிட்டான்.

ஆரம்பத்தில் வந்தவை முனையில் சிவப்பு விளக்கு எரியும் பொம்மைகள். நிகோடின் ரத்தத்தில் சரியாக ஏறவில்லை. வாங்கியவர்களில் பலர் பழைய பாக்கெட்டுக்கே திரும்பினார்கள். பிறகு 2015-ல் அமெரிக்காவில் ஜூல் வந்தது. ஸ்டான்ஃபோர்டில் வடிவமைப்பு படித்த இருவர் செய்தது. அவர்கள் கையாண்ட வித்தை வேதியியல் வகுப்பிலேயே இருக்கிறது. நிகோடினுக்குக் காரத்தன்மை உண்டு. அடர்த்தி கூடினால் தொண்டையைக் கிழிக்கும். பழகாத பிள்ளை ஒரே இழுப்பில் இருமிக்கொண்டு ஓடிவிடும். இயற்கை வாசலில் நிறுத்திய காவலாளி அது. பென்சாயிக் அமிலம் சேர்த்து நிகோடினை உப்பாக்கினார்கள். காவலாளி தூங்கிவிட்டான். அப்புறம் மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் என்று ஏற்றினார்கள். ஒரு பாடில் ஏறக்குறைய ஒரு பாக்கெட் சிகரெட்டின் நிகோடின். தோற்றம் பென்டிரைவ். சுவையோ மாம்பழம், வெள்ளரிக்காய், கிரீம் புருலே.

நாற்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு இது மாற்று என்றார்கள். சரி, நல்லது. விளம்பரத்தில் ஆடியவர்களுக்கு நாற்பது வயதாகத் தெரியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டும் நிற்கவில்லை.

2018 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பள்ளிப் பிள்ளைகளிடம் வேப் கொள்ளைநோயாகிவிட்டது என்று அறிவித்தது. மூன்று மாதம் ஆனது. மார்ல்பரோவை அங்கே விற்கும் ஆல்ட்ரியா, 1,280 கோடி டாலர் கொடுத்து ஜூலில் 35 சதவீதம் வாங்கியது. கொள்ளைநோய் என்று அரசாங்கம் சொன்னதைக் கம்பெனி எப்படிப் படித்தது பாருங்கள். அரசு முத்திரையோடு வந்த சந்தை ஆய்வறிக்கை!

பிறகு வழக்குகள். 2022-ல் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு 43.85 கோடி டாலர் தர ஜூல் ஒப்புக்கொண்டது. 2023-ல் ஆல்ட்ரியா கையைக் கழுவிவிட்டு, 275 கோடி டாலருக்கு என்ஜாய் என்ற இன்னொரு வேப் கம்பெனியை வாங்கியது. ஜூல் விடவில்லை. என் காப்புரிமையைத் திருடிவிட்டாய் என்று மல்லுக்கட்டி, 2025-ல் என்ஜாயின் முக்கியக் கருவிக்கு இறக்குமதித் தடை வாங்கிவிட்டது. பிள்ளைகளின் நுரையீரலுக்காக ஆண்டுக்கணக்கில் நகராத கோப்பு, கம்பெனியின் காப்புரிமைக்காக ஓடியது.

கோப்பு நகரும்போதும் அழகாகத்தான் நகர்ந்தது. 2020 ஜனவரியில் அமெரிக்க அதிகாரிகள் ஓர் உத்தரவு போட்டார்கள். பாடில் வரும் பழச்சுவைகள் கூடாது. புகையிலைச் சுவையும் மெந்தாலும் மட்டும் இருக்கலாம். பாடுக்குத்தான் இந்தத் தடை. தூக்கியெறியும் குச்சிக்கு இல்லை! உத்தரவைப் பிள்ளைகள் அதிகாரிகளைவிடக் கவனமாகப் படித்தார்கள். பஃப் பார் பறந்தது. அதன் பின்னால் சீனத்திலிருந்து ஆயிரக்கணக்கில் குச்சிகள். இப்போது திரை வைத்து, விளையாட்டு வைத்து விற்கிறார்கள். ஜூல் கருவியை 2022 ஜூனில் கடையிலிருந்து எடு என்றார்கள். நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2025 ஜூலையில் அதே நிர்வாகம் விற்கலாம் என்றது. அந்த ஜூலையில் ஜூல் உட்பட அனுமதி பெற்ற மின் சிகரெட் பொருள்கள் நாற்பதைத் தாண்டவில்லை. கடையில் கிடைப்பவை? அதை எண்ணுவது அதிகாரிகள் வேலை. அவர்கள் எண்ணி முடிக்கட்டும்.

ஐரோப்பா வேறு வழியில் சிக்கலைத் தீர்த்தது. 2014-ல் ஒரு நெறிமுறை. மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் கூடாது. தொட்டி 2 மில்லிலிட்டர். புட்டி 10 மில்லிலிட்டர். கல்லீரல் கேட்டதா? வட்டிக்கடைக்காரர் நீளமாக இழுத்தார், அடிக்கடி இழுத்தார். நிகோடின் குறைந்தால் இழுப்பு நீள்கிறது, திரவம் கூடுதலாகச் செலவாகிறது என்று ஆய்வுகளும் பார்த்துவிட்டன. திரவம் கூடினால் அதில் உள்ள மற்றவையும் கூடத்தான் போகும்.

இது புதுப் பாடமா? அரை நூற்றாண்டுப் பழையது. ‘லைட்’ சிகரெட்டின் வடிகட்டியில் பொடித் துளைகள் போட்டார்கள். சோதனை எந்திரம் ஊதும்போது துளைவழி காற்று கலந்து, தார் குறைவாகத் தெரியும். மனிதன் ஊதும்போது விரலும் உதடும் துளையை மூடும், இழுப்பும் ஆழமாகும். எந்திரத்துக்கு லைட், மனிதனுக்கு அதே பழைய சாவு. கம்பெனிகள் தெரிந்தே ஏமாற்றின என்று 2006-ல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பெழுதினார். 2010-ல் ‘லைட்’ என்ற சொல்லுக்கு அங்கே தடை வந்தது. கம்பெனிகள் அழுதனவா? பெட்டியைத் தங்க நிறமாக்கி, ‘கோல்ட்’ என்று பெயர் மாற்றிவிட்டு வேலையைப் பார்த்தன.

பிரிட்டன் இன்னும் விசேஷம். சிகரெட்டை விட முன்வரும் 10 லட்சம் பேருக்கு வேப் கருவி தருகிறேன் என்று 2023 ஏப்ரலில் அறிவித்தது. அதில் நியாயம் இருக்கிறது. அதே ஆண்டு அந்த நாட்டில் வாரத்துக்கு 50 லட்சம் ஒற்றைப் பயன்பாட்டு வேப்கள் குப்பைக்குப் போவதாகக் கணக்கிட்டார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு லித்தியம் பேட்டரி. மின்வாகனத்துக்கு லித்தியம் இல்லை என்று மாநாடு போடும் உலகம், மாம்பழ வாசனைக்காக அதைக் குப்பையில் கொட்டியது. 2025 ஜூன் 1 முதல் அவற்றுக்குத் தடை. கம்பெனிகள் அடியில் ஒரு சார்ஜர் துளை போட்டன. மாற்றக்கூடிய பாட் ஒன்றைச் சொருகின. அதே நிறம், அதே சுவை, ஏறக்குறைய அதே விலை. இனி அது ‘மறுபயன்பாட்டுக் கருவி’. துளையால் வந்த பரிசுத்தம்.

இதுவரை இழுப்பவர்களின் தொண்டையைப் பார்த்தோம். இப்போது அரசாங்கங்களின் தொண்டைக்கு வருவோம். அவற்றுக்கும் ஆளுக்கொரு கருவிதான் இதமாக இருக்கிறது. காரணம் கல்லீரலில் இல்லை. கஜானாவில்.

ஜப்பானில் நிகோடின் கலந்த வேப் திரவம் மருந்துச் சட்டத்தின் கீழ் வருகிறது, அனுமதியின்றி விற்க முடியாது. புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் கருவி மட்டும் எங்கும் கிடைக்கும். அதை விற்பவர்களில் ஒருவர் ஜப்பான் டொபாக்கோ. அந்தக் கம்பெனியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அரசே வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சீனத்திலோ, உலகின் பெரும்பாலான வேப்கள் ஷென்சென் நகரில் பிறக்கின்றன. 2022 அக்டோபர் முதல் உள்நாட்டில் பழச்சுவைக்குத் தடை, புகையிலைச் சுவை மட்டும். ஏற்றுமதிக்கு அந்தத் தடை இல்லை. சீனப் பிள்ளையின் நுரையீரலுக்கு ஒரு சட்டம், மற்ற பிள்ளைகளின் நுரையீரலுக்கு ஒரு கப்பல்.

நம் ஊருக்கு வருவோம். இங்கேதான் நாடகம் நல்ல நடிகர்களோடு நடக்கிறது.

2019 செப்டம்பர் 18. மின் சிகரெட்டுக்கு நாடு முழுவதும் தடை என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். 400க்கும் மேற்பட்ட பிராண்டுகள், 150க்கும் மேற்பட்ட சுவைகள் என்று பட்டியலிட்டார். போகிறபோக்கில் இன்னொரு விவரமும் சொன்னார். அவற்றில் ஒன்றுகூட இந்தியாவில் தயாராவதில்லையாம்! பொதுச் சுகாதாரம் பேசும் மேடையில் அந்த விவரத்துக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. பங்குச் சந்தைக்குக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. அன்றைக்கே சிகரெட் கம்பெனிகளின் பங்குகள் ஏறின.

ஏறிய பங்குகளில் ஐடிசியும் ஒன்று. அதில் ஏறக்குறைய 15 சதவீதம் எல்ஐசியிடம் இருக்கிறது. அது போக, பழைய யூனிட் டிரஸ்ட்டின் மிச்சமாக மத்திய அரசின் அமைப்பு ஒன்றிடம் 8 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. ஆயுள் காப்பீடு எடுத்த உங்கள் பணம், ஆயுளைக் குறைக்கும் கம்பெனியில் லாபம் பார்க்கிறது. எந்தப் பக்கம் போனாலும் கல்லா நிரம்பும் ஏற்பாடு. ஐடிசியில் தனிப்பெரும் பங்குதாரர் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ. அது வெளிநாடுகளில் வியூஸ் என்ற பெயரில் வேப் விற்கிறது. அங்கே போய் எரிக்காத எதிர்காலம் பற்றி உபதேசம் செய்கிறது. இங்கே எரிகிற நிகழ்காலத்தில் ஈவுத்தொகை வாங்குகிறது.

குண்டூரில் புகையிலை வாரியம் என்று ஒன்று இருக்கிறது. மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருவது. சாகுபடியையும் ஏற்றுமதியையும் வளர்ப்பது அதன் தொழில். டெல்லியில் ஒரு அமைச்சகம் பெட்டியில் அழுகிய வாயின் படம் போடுகிறது. இன்னொரு அமைச்சகம் பயிருக்கு உரம் போடுகிறது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்தப் படத்தையாவது யாராவது பார்க்கிறார்களா? 2016 முதல் பெட்டியில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கை. நம் ஊரில் பெட்டியா வாங்குகிறார்கள்? பெட்டிக்கடையில் ஒன்று, இரண்டு என்று உதிரியாக வாங்கி, கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துவிட்டுப் போகிறார்கள். எச்சரிக்கை முழுவதையும் தினமும் பார்ப்பவர் கடைக்காரர் ஒருவர்தான்.

இனி பீடி. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பெரியவர்களில் 7.7 சதவீதம் பேர் பீடி குடிக்கிறார்கள். சிகரெட் 4 சதவீதம்தான். பீடிக்கு வடிகட்டி கிடையாது. புகையில் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் குறைவில்லை, கூடுதலே. அந்தப் பீடிக்கு என்ன செய்தார்கள்? 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மன்றம் கூடி, வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தது. சுற்றும் இலைக்கு 18-லிருந்து 5. புகையிலைப் பொருளுக்கு வரியை ஏற்று என்று உலகமே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது, நம்மவர்கள் தள்ளுபடி போட்டார்கள்.

கேட்டால் பீடித் தொழிலாளி என்பார்கள். தென்காசியிலும் திருநெல்வேலியிலும் முறத்தை மடியில் வைத்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, புகையிலைத் தூளை நாளெல்லாம் மூச்சில் வாங்கும் பெண்கள். அவர்கள் இருமுகிறார்கள். அவர்களைக் காட்டி முதலாளிக்கு வரிச்சலுகை. அவர்கள் கூலிக்கு ஒரு மன்றம் இவ்வளவு அக்கறையோடு எப்போது கூடியது?

தமிழ்நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய அரசுக்கு முன்பே, 2018-ல், இங்கே மின் சிகரெட்டைத் தடை செய்துவிட்டோம். குட்காவுக்கு அதற்கும் முன்பே, 2013 முதல் தடை. எவ்வளவு கண்டிப்பான தடை என்றால், குட்கா விற்க லஞ்சம் வாங்கினார்கள் என்ற வழக்கில் அதே 2018-ல் மாநிலச் சுகாதார அமைச்சர் வீட்டிலும் காவல்துறைத் தலைவர் வீட்டிலும் சிபிஐ சோதனை போட்டது. குற்றம் யாருடையது என்பது நீதிமன்றத்தின் பாடு. தடை என்பது எத்தனை பேருக்கு இன்னொரு வருமானம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

உடனே, வேப்புக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று கிளம்பாதீர்கள். நிகோடின் பிடித்தால் விடாது. பிள்ளைகள் கையில் அது இருக்கக் கூடாது. மாம்பழ வாசனை வைத்து அவர்களைப் பிடிக்க வந்தவனை உள்ளே தள்ளினால் முதல் ஆளாகக் கைதட்டுவேன். கோபம் வேறு இடத்தில். பல ஆண்டு ஊதி, விட முடியாமல் தவிக்கும் மனிதன் ஒருவன் இருக்கிறான். நிகோடின் பசை மிட்டாயையும் தோலில் ஒட்டும் பட்டையையும்விட நிகோடின் வேப் கூடுதல் பேரை விடவைக்கிறது என்று கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2022-லேயே உறுதியாகச் சொன்னது. அவனுக்கு நம் நாட்டில் என்ன தேர்வு? சாவதற்கு என்றால் எல்லா ரகமும் உண்டு. வடிகட்டி வைத்தது, வைக்காதது, சுருட்டு, மெல்லுவது, உதட்டில் அடக்குவது. உடம்புக்கொரு கருவி! விடுவதற்கு என்றால் மட்டும் சட்டப் புத்தகம் திறக்கிறது.

மின் சிகரெட்டைத் தடை செய்த அவசரச் சட்டம் இங்கே வந்த 2019-ல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்கள் நுரையீரல் வெந்து மருத்துவமனைகளில் விழுந்துகொண்டிருந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 68 சாவுகள். இங்கும் அதைக் காட்டித்தான் பயமுறுத்தினார்கள். முக்கியக் காரணம் என்ன என்று பிறகு தெரிந்தது. பெரும்பாலும் கள்ளச்சந்தையில் விற்ற கஞ்சாத் திரவம், அதில் கலந்திருந்த வைட்டமின் இ அசிடேட். அதாவது, கள்ளச்சந்தைச் சரக்கு கொன்றது. அதிலிருந்து நாம் கற்ற பாடம், சந்தை முழுவதையும் கள்ளச்சந்தையாக்குவது. இன்றைக்கு வாட்ஸாப்பில் கேட்டால் வீட்டு வாசலுக்கே வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த ஆய்வகமும் பார்ப்பதில்லை. வாங்குபவன் வயதை எந்தக் கடைக்காரனும் கேட்பதில்லை. தடை செய்யப்பட்ட பொருளுக்கு ஏது தரக்கட்டுப்பாடு?

புகையிலையால் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 13.5 லட்சம் பேர் சாகிறார்கள். அவர்களைக் கொல்லும் பொருளுக்கு ரசீது உண்டு, வரி உண்டு, வாரியம் உண்டு.

தண்டனையும் உண்டு. அதையும் படித்துவிடுங்கள். 2019 சட்டப்படி வேப் விற்று முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி, பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் சிகரெட் விற்றால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய்.